பதினோரு துண்டுப் பலகையில் ஒரு நாற்காலி

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். புல்வெளியில் நான்கு மர நாற்காலிகள். முதுகுப் பக்கம் விசிறியை விரித்ததுபோல் பலகைகள். டிபன் தட்டையே வைத்துக்கொள்ளலாம் போன்ற அகலமான கைகள். பின்னால் தாழ்ந்து சரிந்த இருக்கை. "ரெட்ரோ ஸ்டைல் கார்டன் சேர். பூங்காவுக்கும் பிளாக் முன் வராந்தாக்களுக்கும் பன்னிரண்டு வாங்கலாமா?" என்று செயற்குழுவில் கேட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்துவிட்டன. நானும் உயர்த்தியவன்தான்.

இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது. வங்கியில் சேர்ந்த முதல் வாரம், வவுச்சரைக் கையில் கொடுத்த சீனியர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, பார்க்காம இனிஷியல் போடாதே." முப்பத்தைந்து வருஷம் அதைக் காப்பாற்றியவன், ஓய்வு பெற்றபின் ஒரு படத்தைப் பார்த்து இனிஷியல் போட்டுவிட்டேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. அது எங்கே பிறந்தது, யாருக்காகச் செய்தது என்பதும் தெரியாது. நான் காமர்ஸ் படித்தவன். வரலாறு என் பாடம் அல்ல. ஆனாலும் கையில் நேரம் இருந்தது. தேடிப் படித்தேன். படித்ததையும், அதற்குப் பிறகு நம் பேஸ்மென்ட்டில் நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெஸ்ட்போர்ட், 1903

இந்த நாற்காலிக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் அடிராண்டாக் நாற்காலி. அடிராண்டாக் என்பது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வடகிழக்குப் பகுதியில் உள்ள ஒரு மலைத்தொடர். அதன் கிழக்கு ஓரத்தில் சாம்ப்ளைன் என்ற நீளமான ஏரி. ஏரிக்கரையில் வெஸ்ட்போர்ட் என்ற சிற்றூர். நம் ஊர்க்காரர்கள் மே மாதம் கொடைக்கானல் போவதுபோல, அந்தக் காலத்தில் வசதியான குடும்பங்கள் கோடைக்கு அங்கே போய்த் தங்குவார்கள்.

அப்படித் தங்கியவர்களில் ஒருவர் தாமஸ் லீ. 1903-ஆம் ஆண்டு அவருக்கு வந்த பிரச்சினை நம் பிரச்சினைதான்: வெளியே உட்கார நாற்காலி இல்லை. குடும்பம் பெரிது. வீட்டுக்குள் போடும் நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டால் மலைச் சரிவில் அது முன்பக்கமாகச் சாய்ந்து ஆளைத் தள்ளும். மழையில் கிடந்தால் மெத்தையும் பிரம்பும் வீணாகிவிடும்.

லீ தச்சர் அல்ல. ஆனாலும் பலகைகளை எடுத்து, ஒரு மாதிரி அறுத்து, ஆணி அடித்து, குடும்பத்தாரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முதுகு வலிக்கிறதா, தொடையில் அழுத்துகிறதா, கை எங்கே போகிறது என்று கேட்டார். சரியில்லை என்றால் கோணத்தை மாற்றினார். மறுபடி உட்காரச் சொன்னார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை இது நடந்தது. கடைசியில் நின்ற வடிவத்தில் மொத்தம் பதினோரு துண்டுகள், ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுக்கும்படி.

அந்த வடிவத்தில் என்ன விசேஷம் என்று ஒரு தச்சரிடம் கேட்டுப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நேரான நாற்காலியில் உடம்பின் பாரம் பெரும்பாலும் உட்காரும் எலும்பின்மேல் விழுகிறது. அதனால்தான் பலகை ஸ்டூலில் கால் மணி நேரத்துக்குமேல் உட்கார முடிவதில்லை. லீயின் நாற்காலியில் இருக்கை பின்னோக்கிச் சரிகிறது. முதுகும் அதற்கேற்பச் சாய்கிறது. பாரத்தில் ஒரு பங்கு முதுகுக்கும் ஒரு பங்கு தொடைக்கும் போய்விடுகிறது. ஆள் முன்னால் வழுக்குவதும் இல்லை. அகலமான கைப்பலகை முழங்கையைத் தாங்குவதால் தோளுக்கு ஓய்வு. மெத்தை இல்லாமல், வெறும் பலகையில் சுகம் கிடைப்பது இதனால்தான். மரம் அதே கட்டை மரம்தான். வேலை செய்வது கோணம்.

பேட்டன்ட் யார் பெயரில்?

வெஸ்ட்போர்ட்டில் லீக்கு ஒரு நண்பர் இருந்தார். ஹாரி பன்னல் என்று பெயர். தொழிலே தச்சு. கோடைக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டால் குளிர்காலத்தில் அந்த ஊரில் தச்சருக்கு வேலை இருக்காது. லீ தன் நாற்காலியை அவருக்குக் காட்டி, இதைச் செய்து விற்றுக்கொள்ளலாமே என்றார். பன்னல் செய்தார், விற்றது. கோடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

பன்னல் அடுத்து ஒரு காரியம் செய்தார். 1904 ஏப்ரலில் அந்த நாற்காலிக்குத் தன் பெயரில் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார். லீயிடம் கேட்கவில்லை. 1905 ஜூலை 18-ஆம் தேதி பேட்டன்ட் கிடைத்தது, எண் 794,777. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் 'வெஸ்ட்போர்ட் நாற்காலி'யை அவரே செய்து விற்றார். ஹெம்லாக், பாஸ்வுட் போன்ற அந்த ஊர் மரங்களில் செய்து, பச்சையோ கரும்பழுப்போ சாயம் பூசினார். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தும் போட்டார். கோடைக்கால வாசியான லீயின் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை.

வங்கிக்காரன் கண்ணுக்கு இது வேறொருவர் கணக்கில் வர வேண்டிய வரவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பன்னல் இல்லையென்றால் அந்த நாற்காலி லீயின் வீட்டு வாசலோடு நின்றிருக்கும். ஒருவர் உட்காருபவர்களைக் கேட்டுக் கேட்டு வடிவத்தைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் குளிர்காலம் முழுக்க இழைத்து, அறுத்து, அதை ஊருக்குக் கொண்டுபோனார். வேடிக்கை என்னவென்றால் கடைசியில் இருவர் பெயரும் நிலைக்கவில்லை. நாற்காலிக்கு மலையின் பெயர்தான் நிலைத்தது.

பேட்டன்ட் விண்ணப்பத்தில் பன்னல் தன் நாற்காலியை 'பங்களா வகை' என்று விவரித்திருக்கிறார். பங்களா என்பது நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். வங்காளத்து வீடு என்று பொருள். வராந்தா என்ற சொல்லையும் ஆங்கிலேயர்கள் இந்தியாவில்தான் பழகினார்கள். இங்கே தேயிலை, காப்பித் தோட்டத்துத் துரைமார்கள் வராந்தாவில் போட்டுக்கொண்ட நீளக் கை நாற்காலியைப் பழைய டிராவலர்ஸ் பங்களாக்களில் சிலர் பார்த்திருக்கலாம். காலைத் தூக்கிக் கைப்பலகையின் மேலேயே நீட்டிக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல் காற்று வாங்க ஓர் இடமும், அதில் சாய ஒரு பலகையும் எல்லா ஊர்க்காரருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

அதே விண்ணப்பத்தில் இன்னொரு வரியும் உண்டு. வராந்தாவுக்கும் புல்வெளிக்கும் ஏற்ற இந்த நாற்காலியை நோயாளிகளுக்கான நாற்காலியாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறது அது. அந்த வரி அங்கே ஏன் வந்தது என்று தேடிப் போனபோதுதான் எங்கள் வீட்டுத் திண்ணை எனக்கு ஞாபகம் வந்தது.

நோயாளிகளின் வராந்தா

அதே அடிராண்டாக் மலையில், உள்ளே தள்ளி, சாரனாக் லேக் என்ற ஊர் இருக்கிறது. எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ என்ற டாக்டருக்கு 1873-இல் காசநோய் என்று தெரிந்தது. அவருடைய அண்ணன் அதே நோயில் இறந்தவர். சாகத்தான் போகிறோம், பிடித்த இடத்திலாவது இருப்போம் என்று மலைக்குப் போனார், சாகவில்லை, தேறினார். 1884-இல் அங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். அதன் முதல் சிறு குடிலில் சேர்ந்தவர்கள் நியூயார்க் நகரத்தில் ஆலை வேலை செய்த இரண்டு சகோதரிகள்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்ல மருந்து இல்லை. இருந்த வைத்தியம் மூன்றே: நல்ல சாப்பாடு, திறந்த காற்று, அசையாத ஓய்வு. நோயாளிகள் நாளெல்லாம் வராந்தாவில் சாய்ந்து கிடப்பார்கள். பனி கொட்டும்போதும் கம்பளி போர்த்திக்கொண்டு அங்கேயே. சாரனாக் லேக்கில் வீட்டுக்கு வீடு இதற்கென்றே வராந்தா கட்டினார்கள். அதில் போட மெத்தை வைத்த, அகலக் கைகள் உள்ள, முதுகைச் சாய்த்து நிறுத்தக்கூடிய மர நாற்காலிகளையும் செய்தார்கள்.

அடிராண்டாக் நாற்காலியே காசநோயாளிகளுக்காகக் கண்டுபிடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல; லீ செய்தது தன் குடும்பத்தின் கோடைக்காக. சானடோரிய நாற்காலி வேறு சாதி. ஆனால் இரண்டும் ஒரே மலையில், ஒரே காலத்தில் புழங்கின. வாங்க வருகிறவர்களில் நோயாளிகளும் இருப்பார்கள் என்று பன்னலுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தத் திறந்தவெளி வைத்தியத்தில் நம்மவர் ஒருவரும் இருந்தார். டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-இல் அங்கே அவரிடம் சிகிச்சைக்குப் போனார். (ராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா என்று பின்னாளில் டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள், அது தனிக் கதை.) அந்தச் சௌரி முத்துதான் 1928-இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவர். இன்று நாம் மின்சார ரயிலில் 'சானடோரியம்' என்று ஸ்டேஷன் பெயரைச் சொல்லி இறங்குவது அதனால்தான்.

மருந்துகள் 1940-களில் வரத் தொடங்கின. ட்ரூடோவின் சானடோரியம் 1954-இல் மூடப்பட்டது. ஆனால் நம்மைப் போன்ற ஏழை நாடுகளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மருந்து இருந்தாலும் படுக்கை வேண்டுமே? லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியம் எங்கே கட்டுவது?

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது நம் சென்னையில். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். மறு பிரிவு தங்கள் நெரிசலான வீட்டிலேயே. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனால் 1959-இல் முடிவு வெளியானபோது குணமானதில் இரு பிரிவும் ஏறக்குறைய சமம். வீட்டாருக்கு நோய் தொற்றியதும் கூடுதலாக இல்லை. உலகமே காசநோயை வீட்டிலிருந்தபடி குணப்படுத்தலாம் என்று மாறியதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் திண்ணையில் ஒரு கயிறு

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, 1960-களின் கடைசியில், அப்பாவின் அக்கா எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக்கு வந்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். வந்தபோது இருமல். வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அத்தைக்கு உடம்பு சரியில்லை', அவ்வளவுதான். வாரம் இரண்டு முறை அப்பா அவரைச் சேத்துப்பட்டுக்கு அழைத்துப்போய், ஊசி போட்டுக் கூட்டிவருவார். அந்த மையம் எது, அங்கே என்ன நடந்தது என்பதெல்லாம் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அப்பாவிடம் ஓர் ஈஸி சேர் இருந்தது. தேக்குச் சட்டம், கோடு போட்ட கித்தான் துணி, மேலும் கீழும் துணியைக் கோத்த இரண்டு கழி. (கழியை உருவிவிட்டு, உட்காருபவர் தரையில் விழுவதைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் குறைவு.) அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா அதில்தான் சாய்வார். அத்தை வந்த அன்று அதைத் திண்ணையில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் அப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்ததுதான் எனக்கு ஞாபகம்.

ஒரு சாயங்காலம் அத்தை அந்த ஈஸி சேரிலிருந்து எழ முயன்று, முடியாமல் அழுதுவிட்டார். கித்தான் தொட்டில் மாதிரி, உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பில் வலுவில்லாதவர் எழ முடியாது. யாரையாவது கூப்பிட வேண்டும். தன்னைத் தொட்டுத் தூக்க யாருக்கும் மனசு வராது என்று அவர் நினைத்திருக்க வேண்டும், அதனால் கூப்பிடவில்லை. மறுநாள் காலை அப்பா திண்ணைத் தூணில் ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி, முடிச்சுகள் போட்டு, ஈஸி சேர் வரை தொங்கவிட்டார். "அக்கா, இதப் புடிச்சு எழுந்து பாரு" என்றார். அத்தை பிடித்து எழுந்தார். கயிறு கொஞ்சம் நீளம் என்றார். அப்பா அவிழ்த்து இரண்டு விரற்கடை குறைத்துக் கட்டினார்.

அத்தை குணமாகிவிட்டார். எண்பது தாண்டி வாழ்ந்தார். கயிறு மட்டும் ரொம்ப நாள் அங்கேயே இருந்தது. அம்மா அதில் ஈரத் துண்டு காயப்போடுவார்.

படத்தில் தெரியாதது

இனி நம் நாற்காலிக்கு வருகிறேன். லீயின் அசல் நாற்காலியில் முதுகு அகலமான ஒரே பலகை. முடிச்சு இல்லாத அகலப் பலகை கிடைப்பது அரிதாகிவிட்டதால் பின்னால் வந்தவர்கள் குறுகிய பலகைகளை வரிசையாக வைத்துச் செய்தார்கள். 1938-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த இர்விங் வோல்பின் என்பவர் முதுகை வளைவாகவும் இருக்கையைக் குழிவாகவும் செய்து ஒரு வடிவத்துக்குப் பேட்டன்ட் வாங்கினார். இன்று கடைகளில் பார்க்கும் விசிறி முதுகு வடிவம் அந்த வழியில் வந்ததுதான். பிறகு பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். கனடாவில் அதையே மஸ்கோகா நாற்காலி என்கிறார்கள்.

இப்படி ஊர் ஊராகப் போனதில் உருவம் மட்டும் அப்படியே போயிற்று. உட்காருபவரைக் கேட்டுக் கேட்டு மாற்றிய பழக்கம் போகவில்லை. லீ கேட்டது 1903-இல், தன் குடும்பத்தாரை, ஒரு மலைச் சரிவில். நம் பூங்கா சமதளம். மாலையில் அங்கே வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள். அவர்களை யாரும் இன்னும் கேட்கவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். நம் ஃபிளாட்டுகளில் வேலை செய்யும் இளம் தச்சர் ஒருவரைப் பிடித்து, படத்தில் உள்ள அளவுப்படியே ஒரு நாற்காலி செய்யச் சொன்னேன். பழைய மரக்கடையில் இடித்த வீட்டுக் கதவுநிலை ஒன்று கிடைத்தது. காய்ந்து முறுகிய தேக்கு, இனி வளையாது. இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 15 அங்குலம், பின்பக்கம் இன்னும் தாழ்வு. ஒப்பிட்டுப் பார்க்க: வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலி 17, 18 அங்குலம் இருக்கும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதை பேஸ்மென்ட்டில் போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் உட்காரச் சொன்னேன். பழைய பழக்கம் விடாது. ஒரு நோட்டில் பத்தி பிரித்துக் குறித்துக்கொண்டேன். உட்கார எப்படி, முதுகு எப்படி, எழ எப்படி என்று மூன்று பத்தி. முதல் இரண்டும் எல்லோருக்கும் 'நன்று'. ஐடி கம்பெனிப் பிள்ளைகள் எழுந்திருக்கவே மறுத்தார்கள். மூன்றாவது பத்திதான் தகராறு. அறுபதைத் தாண்டியவர்கள் ஒருவர் விடாமல் கையை ஊன்றி, பெருமூச்சு விட்டு, இரண்டு தடவை முயன்றுதான் எழுந்தோம். என்னையும் சேர்த்துத்தான்.

சி பிளாக் டீச்சரம்மாவை உங்களுக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எழுபத்தெட்டு வயது. உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, ஊஞ்சல்ல சாஞ்ச மாதிரி இருக்கே" என்றார். எழப்போனார், முடியவில்லை. நானும் செக்யூரிட்டியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். லிஃப்ட் வரை கூடப் போனேன். கதவு மூடுவதற்குமுன் மெதுவாகச் சொன்னார்: "இப்பல்லாம் எங்க போனாலும் முதல்ல எப்படி எழுந்திருக்கறதுன்னு பாத்துட்டுதான் சார் உட்கார்றேன். கீழ இந்த நாற்காலிதான் போடுவீங்கன்னா, நான் மேலயே இருந்துக்கறேன்."

நான் அந்த மூன்றாவது பத்தியில் அவர் பெயருக்கு நேரே எதுவும் எழுதவில்லை. அத்தை கூப்பிடாமல் அழுத சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

இப்போது இருக்கும் கிரானைட் பெஞ்சுகள் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகுச் சாய்மானம் இல்லை, கைப்பிடி இல்லை, சித்திரை வெயிலில் சாயங்காலம் ஆறு மணிக்கும் சுடும். என் மனைவி பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "போலாம்" என்று எழுந்துவிடுவாள். கீழே வந்து நாலு பேரைப் பார்த்துப் பேசுவதற்கும், நாலு சுவருக்குள் டிவி பார்த்துக் கிடப்பதற்கும் நடுவே நிற்பது சில நேரம் ஒரு மோசமான பெஞ்சுதான்.

இரண்டாவது நாற்காலி

தச்சர் தம்பி நோட்டைப் பார்த்தார். "சார், அழகு முதுகுலதான் இருக்கு. உக்கார்ற உயரத்தை மாத்தினா அழகு கெடாது" என்றார். இரண்டாவது நாற்காலி செய்தோம். வீட்டுக்கு ஒன்று செய்துகொள்ள நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று அளவைத் தருகிறேன்.

முன்விளிம்பு 18 அங்குலம். பின்சரிவு பாதியாகக் குறைத்தோம். முதுகும் கொஞ்சம் நிமிர்ந்தது. இருக்கையின் ஆழம் 20-லிருந்து 17 அங்குலமாகக் குறைந்தது. அப்போதுதான் குட்டையானவர்களுக்கும் பாதம் தரையில் படும், முதுகும் சாய்மானத்தைத் தொடும். கைப்பலகையை முன்காலுக்கு வெளியே 2 அங்குலம் நீட்டி, நுனியை உருட்டி இழைத்தோம். பிடித்து அழுத்தி எழ அதுதான் முக்கியம். முன்விளிம்புப் பலகையையும் உருட்டியாயிற்று. இல்லாவிட்டால் தொடையின் அடியில் அறுக்கும். பலகைக்குப் பலகை சுண்டுவிரல் நுழையாத அளவு இடைவெளி; மழைத் தண்ணீர் வடிய அது போதும், குழந்தை விரலும் மாட்டாது.

ஆணி கூடாது, துருப்பிடித்து மரத்தில் கறுப்பாக இறங்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ போட வேண்டும். கால்களின் அடியில் மரத்தின் வெட்டுமுகம் இருக்கிறது. தரையில் தேங்கும் தண்ணீரை அது உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முதலில் கெடுவது அந்த இடம்தான். இரண்டு மூன்று கை பெயின்ட் அடித்து ரப்பர் புஷ் மாட்டினோம். மற்ற இடங்களுக்கு வருஷம் ஒரு முறை எண்ணெய் பூச்சு போதும்.

போன ஞாயிறு டீச்சரம்மாவை மறுபடி அழைத்துவந்தோம். உடனே உட்காரவில்லை. கைப்பலகை நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "முன்ன மாதிரி ஊஞ்சல் சுகம் இல்ல" என்றார். உண்மைதான், சாய்மானத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் இரண்டு கையையும் நுனியில் ஊன்றி, யாரையும் பார்க்காமல் தானே எழுந்தார். "கைப் பலகை இன்னும் ஓர் அங்குலம் நீட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பொதுக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

நான் அந்தப் படத்து நாற்காலிக்கு எதிரி அல்ல. இளைஞர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான்கு அதே வடிவில் இருக்கட்டும், சுகமான நாற்காலிதான். மற்ற எட்டையும் உயர இருக்கையோடு நம் தச்சரிடமே செய்துகொள்ளலாம் என்பது என் யோசனை. மரம், ஸ்குரூ, கூலி எல்லாவற்றுக்கும் பில்லோடு கணக்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். கடை விலையோடு ஒப்பிட்டு அவர் பொதுக்குழுவில் வைப்பார். ஒரு நாற்காலியின் அடியிலாவது அந்தத் தம்பியின் பெயரை எழுதவிட வேண்டும் என்பதும் என் ஆசை. தாமஸ் லீக்கு நேர்ந்தது அவருக்கு நேர வேண்டாம்.

இரண்டு நாற்காலிகளும் ஏ பிளாக் வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வரும் இரண்டு ஞாயிறுகளிலும் காலை எட்டிலிருந்து பத்து வரை நானும் நோட்டோடு அங்கே இருப்பேன். இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள். முக்கியமாக, எழுந்து பாருங்கள். வீட்டில் கீழே இறங்கத் தயங்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களை முதலில் அழைத்து வாருங்கள். மூன்றாவது பத்தியை அவர்கள் சொல்லித்தான் நிரப்ப வேண்டும்.